கண்ணால் கேட்ட பேச்சு

அந்தத் தறிக்கூடத்தில் நாற்பத்தெட்டுத் தறிகள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது காதுக்குள்ளேயே வந்து கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதற்காக அங்கே வேலை பார்க்கும் பெண்கள் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? நல்ல கதை! காலை ஆறு மணிக்கு ஷிப்ட் தொடங்கினால் மதியம் இரண்டு மணி வரைக்கும் ஊர்க்கதை அத்தனையும் அங்கேதான் நடக்கும். துளிச் சத்தம் வராது. உதட்டை விரித்து, குவித்து, நீட்டி, ஒவ்வொரு சொல்லையும் வாயாலேயே எழுதிக் காட்டுவார்கள். ஏழாவது தறிக்காரி தன் மாமியாரைப் பற்றிச் சொல்வதைப் பதினெட்டாவது தறிக்காரி அங்கிருந்தே பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள். புதிதாக வந்தவள் மூன்று மாதம் திருதிருவென்று முழிப்பாள். நான்காவது மாதம் அவளும் சேர்ந்துகொள்வாள். மேஸ்திரிக்கு மட்டும் இந்த வித்தை கடைசிவரை பிடிபடவே இல்லை. அது அவருக்கு நல்லதுதான். அவரைப் பற்றி அங்கே பேசுவது அப்படி.

நம்முடைய தறிக்காரிக்குப் பதினொன்றாவது தறியும் பன்னிரண்டாவது தறியும். பதினேழு வருடமாக அதே இடம். இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓடவிடுவதற்குள் எதிர்வரிசைத் தோழியோடு இரண்டு வீட்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவாள். வேலையில் கெட்டி. மூக்குக்கு மேலே கோபம். தான் பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று யாரும் அவளிடம் வாதாட முடியாது. மறைத்து என்ன பயன், அப்படித்தான் இருந்தாள்.

அவளுக்கு ஒரே மகள், ஏழு வயது. ஆள் ஒல்லி, கோபம் வந்தால் சுருக்கென்று குத்தும். அதனால் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குக் குண்டூசி என்றே பெயர். பிறவியிலேயே இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. ஒன்றேகால் வயதில் முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடி விழுந்து வீடே அதிர்ந்தபோது, குழந்தை பாட்டுக்குத் தரையில் கிடந்த ரப்பர் வளையத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொடங்கிய அலைச்சல். நான்கு வயதில் ஆபரேஷன் செய்து மண்டைத்தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். வெளியே காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காந்தம் வைத்த ஒரு வட்டச் சில்லு. அது தலையில் ஒட்டிக்கொள்ளும்.

மெஷினைப் போட்டதும் கேட்டுவிடும், கேட்டதும் பேசிவிடும் என்று நினைத்தவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள். சத்தம் உள்ளே போவது வேறு, அதைச் சொல்லாகப் பிரிப்பது வேறு, அதையே தன் வாயால் திருப்பிச் சொல்வது வேறு. வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சு டீச்சரிடம் பயிற்சி. மிச்ச ஐந்து நாளும் அம்மாதான் டீச்சர். ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, மகளை எதிரே உட்கார்த்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "என் வாயைப் பாரு, என் வாயைப் பாரு" என்று மூன்று வருடம் சொல்லிக் கொடுத்தாள். பலனும் இருந்தது. அம்மாவும் மகளும் பேச உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. குண்டூசி என்ன சொன்னாலும் அம்மாவுக்குப் பட்டென்று புரிந்துவிடும்.

மற்றவர்களுக்குத்தான் புரியவில்லை. கடைக்காரர், "பாப்பா என்ன கேக்குது?" என்பார். "பச்சைக் கலர்ல வேணுமாம்" என்று இவள் சொல்லிவிடுவாள். போகப் போக, எதிராளி கேட்கும்வரை காத்திருப்பதுகூட இல்லை. மகள் வாய் திறந்ததும் இவள் சொல்லி முடித்திருப்பாள். கணவருக்கும் அதே கதைதான். அவர் வீடுகளுக்குக் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். மகள் எதையாவது சொன்னால் அவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"பெத்த புள்ள பேசுறது புரியலைன்னா என்ன அப்பா நீங்க? நாள் முழுக்க சிங்க்குக்கு அடியில தலையை விட்டுக்கிட்டுக் கிடந்தா வேற எப்படி இருக்கும்?"

அந்த மனுஷரும் தப்பு தன் மேல்தான் என்று நம்பிவிட்டார். மகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டு, தோளில் தூக்கி வைத்துச் சுற்றுவதையும் பம்பரம் விடுவதையும் கூட்டிக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நேரம் வந்தது. தெருக்கோடியில் இருக்கிற பள்ளிக்கூடம், வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் தண்ணீர்த்தொட்டி தெரியும். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, ஆனால் வழவழவென்று பேசத் தெரியாதவர்.

"ஒரு வகுப்புல முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருக்காங்கம்மா. இவளுக்குத் தண்ணி வேணும்னாலும், வயிறு வலின்னாலும், யாராவது தள்ளிவிட்டுட்டாலும், டீச்சருக்குப் புரியணும். புரியலைன்னா கஷ்டம் எங்களுக்கு இல்லை, அவளுக்கு. முன்பின் தெரியாத ஆளுக்கு இவ பேச்சுல பாதியாவது புரியுதுன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து எழுதி வாங்கிட்டு வாங்க, சேர்த்துக்கிறேன். இல்லைன்னா காது கேக்காத பிள்ளைங்களுக்கு நல்ல ஸ்கூல் இருக்கு, ஃபாரம் தரேன். அங்கேயே தங்கிப் படிக்கலாம்."

அந்தப் பள்ளிக்கூடம் ரயிலில் ஐந்து மணி நேரம். நல்ல பள்ளிக்கூடம்தான், யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் குண்டூசி படுக்கும்போது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிவிட்டால் அவளுக்கு உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அங்கே யார் விரலைப் பிடிப்பாள் என்றுதான் தறிக்காரி நினைத்தாள். ஆனாலும் ஃபாரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், அது தேவைப்படாது என்ற தைரியத்தில். முன்பின் தெரியாத ஆள் பாதி புரிந்தால் போதுமாமே! தன் மகள் பேசுவது முக்கால்வாசி புரியுமே!

ஆஸ்பத்திரியில் பழைய பேச்சு டீச்சர் மாற்றலாகிப் போய், புதிதாக ஒரு பெண் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயது, மெதுவான பேச்சு. குண்டூசியை மட்டும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், படங்களைக் காட்டி, இருபது சின்னச் சின்ன வாக்கியங்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்தார். பிறகு அதை மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினார்: மருந்துக் கவுண்டரில் நிற்பவர், லிஃப்ட் ஓட்டுகிறவர், அந்த வாரம்தான் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ். கேட்டதை அவர்கள் காகிதத்தில் எழுத வேண்டும். வெளியே பெஞ்சில் தறிக்காரி காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகும்போது பள்ளிச்சீருடைக்குத் துணி பார்த்துவிட்டுப் போகலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள்.

இருபதில் ஒருவர் மூன்றைச் சரியாக எழுதியிருந்தார். இன்னொருவர் இரண்டு. நர்ஸ் நான்கு.

"செவிடு என் புள்ளையா, அவங்களா?" என்று எழுந்து நின்றுவிட்டாள் தறிக்காரி. வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கறையா கேட்டிருக்க மாட்டாங்க. ஏனோதானோன்னு எழுதியிருப்பாங்க. என்கிட்டக் குடுங்க, இருபதையும் நான் சொல்றேன்."

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன், உள்ள வாங்க" என்றார் டீச்சர்.

ஹெட்போனை மாட்டிவிட்டார். முதல் வாக்கியம் ஓடியது. தறிக்காரி வாயைத் திறந்தாள், மூடினாள். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டார். மூக்கால் வருகிற ஒரு குரல், எழும்பி எழும்பித் தாழ்ந்தது. நடுநடுவே சத்தமே இல்லாமல் காற்று மட்டும் போயிற்று. சொல்லின் கடைசியெல்லாம் அறுந்து கிடந்தது. அது தன் மகளின் குரல் என்று தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அவள் கண்கள் பதிவு ஓடுகிற அந்தச் சின்னப் பெட்டியையே சுற்றிச் சுற்றித் தேடின. எட்டாவது வாக்கியத்தில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

டீச்சர் எழுந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு வாயை மட்டும் அசைத்தார். தறிக்காரி சட்டென்று சொன்னாள்: "எங்க வேலை பாக்குறேன்னு கேக்குறீங்க. தறியில." டீச்சர் மறுபடி வாயசைத்தார். "எத்தனை வருஷமான்னு கேக்குறீங்க. பதினேழு." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. தடுப்பின் வழியாக ஒரு சத்தமும் வந்திருக்கவில்லை.

டீச்சர் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க அவ பேசுறதைக் கண்ணால கேக்குறீங்கம்மா. உங்க தொழில் அப்படி. உங்களுக்கே தெரியாம நடக்குது. அவ உதடு அவ்வளவு சுத்தமா இருக்கு, நானே அசந்துட்டேன். ஆனா உதட்டுல தெரியாததுதான் பேச்சுல பெரும்பாதி. தொண்டையில வர்ற எழுத்து, மூக்குல போகாம நிறுத்த வேண்டிய எழுத்து, குரலை விடாம கடைசிவரைக்கும் கொண்டுபோறது. அதெல்லாம் அவகிட்ட இல்லை." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கும்போது சத்தம் வருமா?"

தறிக்காரி யோசித்துப் பார்த்தாள். அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது அவள் வாயசைப்பாள். வாசலில் நின்றபடி குண்டூசி வாயசைப்பாள். கூட்டத்தில், பஸ்ஸில், தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, அப்படித்தான் எத்தனையோ பேச்சு. அதில் சத்தம் இருந்ததா இல்லையா என்று அவள் ஒருநாளும் கவனித்ததில்லை. தெரிந்த ஒரே வித்தையைப் பிரியமாக மகளுக்குக் கொடுத்திருந்தாள். அதுதான் அவள் குரலைத் தின்றிருந்தது.

"ஸ்கூல்ல சேர்க்க இன்னும் ஆறு வாரம் இருக்கு. இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார் டீச்சர். அதோடு அவள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையையும் சொல்லி அனுப்பினார்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குத்திக் காட்டவில்லை; வேறு யாராவது இருந்தால் இத்தனை வருட பாக்கியையும் அன்றே தீர்த்திருப்பார்கள். "அப்ப எனக்குப் புரியாதது..." என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

டீச்சர் சொன்ன வேலை இதுதான்: மகள் பேசும்போது பார்க்கக் கூடாது. முதுகைக் காட்டி உட்கார வேண்டும். காதில் விழுந்து புரிந்தால் மட்டும் பதில். கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! மறுநாள் சாயங்காலம் தறிக்காரி நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். குண்டூசி எதையோ சொன்னாள். அம்மா திரும்பவில்லை. குண்டூசி சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அம்மா நாற்காலியை மறுபக்கம் திருப்பினாள். இது ஏதோ விளையாட்டு என்று குண்டூசி கெக்கலித்துச் சிரித்தபடி மறுபடி முன்னால் வந்தாள். நான்கு தடவை சுற்றிய பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றது. அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். தறிக்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அதைச் செய்திருக்க வேண்டாம். காது கேட்காத பிள்ளையின் முன்னால் கண்ணை மூடிக்கொள்வது எப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்குத் தெரியாதா? குண்டூசி அம்மாவின் கன்னத்தை விட்டாள். பிறகு தலையிலிருந்த சில்லைப் பிய்த்து எடுத்து, மெஷினோடு சேர்த்து இரும்பு பீரோவில் ஒட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். காந்தம் 'டக்'கென்று ஒட்டியது அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது.

நான்கு நாள் அவள் வாயே திறக்கவில்லை. வாயசைப்புகூட இல்லை. வேண்டியதைக் கை நீட்டிக் காட்டினாள். ஆறு வாரத்தில் நான்கு நாள் மண்ணாய்ப் போயிற்று. தறிக்கூடத்தில் தறிக்காரி இரண்டு தடவை இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டு, துணி முழுக்கக் கோடு விழுந்து, மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். எதிர்வரிசைத் தோழி, "உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று வாயசைத்துக் கேட்டபோது, தறிக்காரிக்கு அந்த வாயசைப்பைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், தோழி என்ன செய்வாள்.

வழி கண்டுபிடித்தது குழாய்க்காரர்தான். ஐந்தாம் நாள் வேலையிடத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, மகளிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "அப்பா, கடைக்கு, போறேன். உனக்கு, என்ன, வேணும்?" குண்டூசி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். குண்டூசி போனைப் பார்த்து எதையோ சொன்னாள். "புரியலை குட்டி" என்றார் அவர். இன்னொரு தடவை சொன்னாள். "புரியலை. புரிஞ்சா வாங்கிட்டு வருவேன்." அன்று வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் வெறுங்கை. குண்டூசி கதவருகே நின்று அவருடைய கருவிப் பையைக் கொட்டித் தேடிப் பார்த்துவிட்டு, அவர் தொடையில் கிள்ளினாள்.

போன் வரத் தொடங்கிய மூன்றாம் நாள் தறிக்காரியால் பொறுக்க முடியவில்லை; ஓரக்கண்ணால் மகளின் உதட்டைப் பார்த்துவிட்டாள். போன் பேசி முடிந்ததும் நைசாக அடுப்படிக்குப் போய்க் கணவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள்: சிவப்பு ரிப்பன். அவர் ரிப்பனோடு வந்தார். குண்டூசி கூரை எகிறும்படி குதித்தாள். அவள் குதித்து ஓய்ந்து வெளியே ஓடிய பிறகு அவர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "நீ இன்னும் எத்தனை வருஷத்துக்கு அவ வாயா இருக்கப் போற?"

அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து போன் வரும்போதெல்லாம் அவள் தன் கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டாவது நாள் அவர் அழிரப்பர் வாங்கி வந்தார். யாரும் சொல்லாமல், காதால் கேட்டு. பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு பலூன். தொண்டையில் கைவைத்து அதிர்வைப் பார், மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லு, கடைசிவரை குரலை விடாதே என்று டீச்சர் சொல்லிக் கொடுத்ததெல்லாம், அப்பா வெறுங்கையோடு வந்துவிடுவாரோ என்ற பயத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது. தறிக்காரியும் பழகினாள். முதுகுக்குப் பின்னால் வருகிற குரலில் முதலில் அவளுக்கு ஒரு சொல் பிடிபட்டது, பிறகு ஒன்றரைச் சொல். சில நாள் நன்றாக வந்தது மறுநாள் காணாமல் போய்விடும். அப்போதெல்லாம் பையிலிருக்கும் ஃபாரத்தின் கடைசித் தேதி ஞாபகம் வந்து அவளுக்குச் சோறு இறங்காது.

ஆறாவது வாரம் மறுபடி அதே அறை, அதே பெஞ்சு. இந்தத் தடவை அவள் காலாட்டவில்லை. வேறு மூன்று பேர் கேட்டு எழுதினார்கள். எட்டு, பதினொன்று, ஒன்பது. கூட்டினால் இருபத்தெட்டு. பாதி என்றால் முப்பது வேண்டும்.

"ரெண்டு வாக்கியம்!" என்றாள் தறிக்காரி. "ரெண்டே ரெண்டு! போட்டுக் குடுத்துடுங்களேன் டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சருக்கும் கண் கலங்கியது. ஆனால் இல்லாததை எழுத அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எண்களை உள்ளபடி எழுதி, ஆறு வாரத்துக்கு முன்னால் இருந்த எண்களையும் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தலைமையாசிரியை அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஒன்பதிலிருந்து இருபத்தெட்டு என்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒரு வாரம் வகுப்புல உட்காரட்டும். வெள்ளிக்கிழமை சொல்றேன். ஒரு நிபந்தனை: நீங்க கேட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. அவ சொல்றதை நீங்க எடுத்துச் சொல்லக் கூடாது."

அந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று தறிக்காரியைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. மகளைக் கேட்டில் விட்டுவிட்டு வருவது அப்பா. பதினொன்றாவது தறிக்கு முன்னால் நிற்பது அம்மா. இப்போது தண்ணீர் கேட்டிருப்பாளோ, கொடுத்திருப்பார்களோ, சில்லு கழன்று விழுந்திருந்தால் யார் எடுத்து ஒட்டுவார்கள், புரியவில்லை என்று யாராவது சிரித்திருந்தால்? சாயங்காலம் "என்னடி நடந்தது?" என்று கேட்டால் குண்டூசி தோளைக் குலுக்கிவிட்டு விளையாடப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குத் தறிக்கூட ஆபீசுக்குப் போன் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. அம்மாவை உடனே வரச் சொல்கிறார்கள்.

எதிர்வரிசைத் தோழி வாயசைத்தாள்: "போடி, உன் தறியை நான் பாத்துக்கிறேன்." தறிக்காரி ஓடினாள். தலை முழுக்கப் பஞ்சு, இடுப்பில் நூல் வெட்டும் கத்தரி, அப்படியே ஓடினாள். சாயங்காலம் சொல்லியிருக்கலாமே, எதற்கு உடனே? அடிபட்டிருக்குமோ? இல்லை, வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். நல்ல செய்தியை யார் இவ்வளவு அவசரமாகச் சொல்வார்கள்? விடுதிக்கு எத்தனை செட் துணி, எல்லாவற்றிலும் பெயர் தைக்க வேண்டும், மெஷினுக்குப் பாட்டரி மாற்றத் தெரிந்தவர் அங்கே இருப்பார்தானே? கேட்டுக்கு வருவதற்குள் மனசுக்குள் மகளை ரயிலேற்றியே விட்டிருந்தாள்.

தலைமையாசிரியை அறையில் வகுப்பு டீச்சரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உங்க பொண்ணு மேல புகார்" என்றார் தலைமையாசிரியை.

"மேடம், அவளுக்கு இன்னும் சரியா வரலை மேடம். ஆறு வாரம்தான் ஆச்சு. இன்னொரு ஆறு வாரம் குடுத்தீங்கன்னா..."

"முதல்ல கேளுங்க. அவ வகுப்புல பேசுறா."

"ஆமா மேடம், கொஞ்சம் மூக்கால வருது, ஆஸ்பத்திரி டீச்சர் சொன்னாங்க..."

"அய்யோ அம்மா!" வகுப்பு டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "பாடம் நடத்த விட மாட்டேங்குறா! பக்கத்துல ஒரு ரெட்டைப் பின்னல் பொண்ணு இருக்கா, அவளோட ஓயாம பேச்சு. நேத்தே ஒரு தடவை சொன்னேன். இன்னைக்கு ரெண்டு பேரையும் எழுந்து நிக்க வெச்சேன். நின்னுக்கிட்டும் பேசுறாங்க!"

தறிக்காரிக்கு அது காதில் விழுந்தது, மண்டைக்குள் போகச் சற்று நேரமாயிற்று. "அந்தப் பொண்ணுக்கு... இவ சொல்றது புரியுதா டீச்சர்?"

"புரியாமத்தான் விழுந்து விழுந்து சிரிக்கிறாளா?"

தலைமையாசிரியை சேர்க்கைப் புத்தகத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் தனித்தனி பெஞ்சு. இங்க கையெழுத்துப் போடுங்க. இவ்வளவு வாய் இருக்கிற பொண்ணுக்காகவா நீங்க அன்னைக்கு அப்படிப் பயந்தீங்க?" சொல்லும்போது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. தறிக்காரி போட்ட கையெழுத்து கோட்டுக்கு மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கமாக விழுந்தது.

வெளியே வந்தபோது சாப்பாட்டு மணி அடித்திருந்தது. மைதானத்தில் வேலியோரமாகக் குண்டூசியும் இரட்டைப் பின்னலும் நின்றிருந்தார்கள். குண்டூசி அம்மாவைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள் என்று தறிக்காரி குனியத் தயாரானாள். அவள் வரவில்லை. சிநேகிதியின் பக்கம் சாய்ந்து எதையோ சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று நிறுத்தி, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் வாயை நன்றாக மறைத்துக்கொண்டு, அதற்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

பத்தடி தூரம். குரல் கேட்டது, கொஞ்சம் மூக்கால், கடைசிவரை விடாமல். இங்கிருந்து ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இரட்டைப் பின்னல் மட்டும் தறிக்காரியைத் திரும்பிப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

தறிக்காரி வேலியருகே போனாள். "பாப்பா, அவ என்ன சொன்னா?" என்று அந்தச் சிறுமியிடம் கேட்டாள்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா, ஆன்ட்டி."

இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் ஓடினார்கள். தறிக்காரி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வருடத்தில் கண்ணெதிரே நின்று மகள் சொன்னது அவளுக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் உள்ளே எங்கேயோ வலிக்கவும் செய்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஷிப்ட் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் தறிக்கூடத்துக்கே திரும்பி நடந்தாள்.